தெலுக் இந்தான் பழைய கடைத்தெரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கீழ்ப்பேராக் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, இன்று ஷா ஆலாமிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் குடியிருப்பவர்கள் தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது, தெலுக் இந்தான் பட்டணத்தின் நடுப்பகுதியைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்விகளே பெரும்பாலும் இங்கே இடம்பெற்றுள்ளன. கடைவீட்டு உரிமையாளர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் கேட்ட சட்டம் சார்ந்த கேள்விகள் சிலவற்றையும் சேர்த்துள்ளேன். சட்ட விவரங்கள் பொது அறிவுக்காகவே தரப்படுகின்றன. வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரைப் பார்ப்பதே முறை.

பழைய கடைத்தெரு என்று எந்தப் பகுதியைக் குறிப்பிடுகிறீர்கள்?

சாய்ந்த மணிக்கூண்டும் அதைச் சுற்றியுள்ள கடைவீட்டு வரிசைகளும், அங்கிருந்து பேராக் ஆற்றங்கரைவரை இறங்கும் தெருக்களும் அடங்கிய பகுதியையே குறிப்பிடுகிறேன். அரசாங்க வரைபடம் எதிலும் இந்தப் பெயரில் ஓர் எல்லை கிடையாது. ஜெண்டராட்டா, நோவாஸ்கோஷியா, சப்ராங், செலாபா போன்ற தோட்டங்களின் மக்கள் "பட்டணத்துக்குப் போய் வருகிறோம்" என்று சொன்னபோது அவர்கள் மனத்தில் இருந்த இடம் இதுதான். சங்காட் ஜோங் சாலையோரமாகப் பின்னாளில் வளர்ந்த கடைத்தொகுதிகளை அவர்கள் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை.

ஊரின் பெயர் எத்தனை முறை மாறியது?

இவ்வட்டாரத்தின் பழைய குடியிருப்புகள் டுரியான் செபாத்தாங், பாசிர் பெடாமார், தெலுக் மாக் இந்தான் என்று பல பெயர்களால் வழங்கின. ஆங்கிலேயர் 1882-இல் அதிகாரி ஆர்ச்சிபால்டு ஆன்சனின் பெயரைச் சூட்டி, தெலுக் ஆன்சன் என்றாக்கினர். சரியாக நூறாண்டு கழித்து, 1982-இல் தெலுக் இந்தான் என்ற பெயர் வந்தது. பழைய திருமணப் பத்திரிகைகளிலும் பிறப்புச் சான்றிதழ்களிலும் தெலுக் ஆன்சன் என்றிருப்பதைக் கண்டு, அது வேறு ஊரோ என்று இளைய தலைமுறையினர் குழம்புவது உண்டு.

தோட்டங்கள் முதலில் வந்தனவா, பட்டணம் முதலில் வந்ததா?

பட்டணமே முதலில் வந்தது. அதை உருவாக்கியது ரப்பர் அன்று, ஈயம். கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிய ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்லப் பேராக் ஆறே வழியாக இருந்த காலத்தில், நீராவிக் கப்பல்கள் வந்து நிற்கக்கூடிய ஆற்றுத் துறைமுகமாக இவ்வூர் அமைந்தது. 1893-இல் தாப்பா ரோட்டிலிருந்து இங்கே இருப்புப்பாதை போடப்பட்டது. மலாயாவின் தொடக்ககால இருப்புப்பாதைகள் எல்லாம் இவ்வாறே, சுரங்கத்திலிருந்து ஒரு துறைமுகத்தை நோக்கி ஓடும் துண்டுப் பாதைகளாக இருந்தன என்பதை நினைவில் கொண்டால், இந்தப் பாதை ஏன் பிரதான வழித்தடத்திலிருந்து விலகி ஒரு கிளையாக வந்து முடிந்தது என்பது விளங்கும்.

அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று இணைந்து, 1903-இல் பிறையிலிருந்து சிரம்பான்வரை ஒரே பாதையானபோது நிலைமை மாறியது. ஈயம் பினாங்குப் பக்கமாகவும் போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்) பக்கமாகவும் நேராகப் போக முடிந்ததால், நடுவில் இந்த ஆற்றுத்துறை எதற்கு என்ற கேள்வி எழுந்தது. அந்த நேரத்தில் தோட்டங்கள் வந்திராவிட்டால் இவ்வூர் அன்றே சுருங்கியிருக்கும் என்பது என் கணிப்பு. 1906-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் ஜெண்டராட்டாவில் ரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கினார். அதிலிருந்தே யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனம் வளர்ந்தது. 1910-ஐ ஒட்டி ரப்பர் விலை உச்சத்துக்குப் போனபோது, சுற்றுவட்டாரம் முழுவதும் காடு அழிந்து பால்மரமும் தென்னையும் ஏறின. ஈயத்துக்காகக் கட்டிய பட்டணம், தோட்டத்துக்காரர்களின் சம்பளப் பணத்தை நம்பி வாழும் பட்டணமாக மாறியது இப்படித்தான். இந்த மாற்றத்தை முதலில் புரிந்துகொள்ளாமல் இன்றைய மறுசீரமைப்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

மணிக்கூண்டு ஏன் சாய்ந்தது?

1885-இல் லியோங் சூன் சோங் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் இதைக் கட்டினார். உயரம் 25.5 மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் எட்டு மாடிகள் தெரியும். உள்ளே இருப்பவை மூன்றுதான். இது அடிப்படையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. வறட்சிக் காலத்துக்கும் தீ விபத்துக்கும் உதவும் நீரை மேலே தேக்கி வைத்து, ஊருக்கு நேரம் காட்ட ஒரு கடிகாரத்தையும் பொருத்தினார்கள். ஆற்றுப் படிவால் ஆன மென்மையான மண், மேலே தேங்கிய நீரின் பாரத்தைத் தாங்காமல் ஒருபக்கமாக அமிழ்ந்தது. ஜப்பானியர் காலத்தில் காவற்கோபுரமாகவும் பயன்பட்டது.

அந்தக் காலத்தில் தோட்டத் தமிழர்களுக்கும் இந்தத் தெருவுக்கும் என்ன தொடர்பு இருந்தது?

பால்வெட்டு விடியலில் பிரட்டுக் களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெயர் கொடுப்பதில் தொடங்கி நண்பகலுக்குச் சற்று முன்பின்னாக முடிந்துவிடும். எடுத்த பாலை நிறுத்துக் கொடுத்தபின், பிற்பகல் தொழிலாளியுடையது. தோட்டத்துக்குள்ளேயே கடனுக்குச் சாமான் கொடுக்கும் கடை இருந்தது, கள்ளுக்கடை இருந்தது, கோயில் இருந்தது, பள்ளிக்கூடமும் இருந்தது. ஆனால் தங்கம், பட்டு, பாத்திரம், மருந்து, புகைப்படம், சினிமா ஆகியவற்றுக்குப் பட்டணத்துக்குத்தான் வர வேண்டும். எனவே தோட்டக் குடும்பத்தின் அன்றாடம் தோட்டத்துக்குள்ளும், அதன் விசேஷங்கள் பட்டணத்திலுமாகப் பிரிந்து கிடந்தன. தாலி இங்கேதான் செய்யப்பட்டது. குடும்பமாக நின்று எடுத்த முதல் படமும் பெரும்பாலும் இங்கேதான் எடுக்கப்பட்டது.

1920-களின் பிற்பகுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும், பெண்ணுக்கு 40 காசும் அடிப்படைக் கூலியாக இருந்தன. 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதையும் குறைத்தார்கள். ஏராளமான தொழிலாளர்கள் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இவ்வளவு சிறிய கூலியில் ஒரு கடைத்தெருவே எப்படி வாழ்ந்தது என்று கேட்கலாம். ஒருவரது கூலி சிறிது என்றாலும், ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் சம்பளம் வாங்கினார்கள் என்பதே அதற்கு விடை. சம்பள வாரத்தில் கடைகள் நிரம்பின. மற்ற வாரங்களில் கணக்குப் புத்தகம் நிரம்பியது. தொடர்ந்து மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை என்பதால், மழைக்காலக் கடன் வெயில் காலம்வரை நீண்டது. வானத்தைப் பார்த்துச் சரக்கு வாங்கும் வழக்கம் இவ்வூர்க் கடைக்காரர்களுக்கு இருந்ததற்கு இதுவே காரணம்.

செட்டியார்கள் என்ன செய்தார்கள்? அவர்களுடைய கிட்டங்கிகள் எங்கே போயின?

வங்கிகள் பெரிய தோட்ட நிறுவனங்களோடு மட்டும் பேசிய காலத்தில், சிறு ரப்பர்த் தோட்டக்காரர், சீனக் கடைக்காரர், நிலம் வைத்திருந்த கங்காணி ஆகியோருக்கு நாட்டுக்கோட்டை நகரத்தாரே கடன் கொடுத்தனர். கிட்டங்கி என்பது நீளமான ஒரே கூடம். அதில் ஒவ்வொரு முகவருக்கும் ஒரு பெட்டகமும் ஒரு சாய்வு மேசையும் இருக்கும். பகலில் அலுவலகம், இரவில் படுக்கை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பலர் தங்கள் சொத்துகளை விற்றுவிட்டு ஊர் திரும்பினர். கட்டடங்கள் கைமாறி, இன்று அவை எதுவாக இருந்தன என்பதே தெரியாத நிலையில் நிற்கின்றன.

அவர்கள் விட்டுச்சென்றதில் இன்றும் உயிரோடு இருப்பது தண்டாயுதபாணி கோயிலும் அதன் சித்ரா பௌர்ணமித் திருவிழாவும்தான். பினாங்குக்குத் தைப்பூசம் எப்படியோ, தெலுக் இந்தானுக்குச் சித்ரா பௌர்ணமி அப்படி. மற்ற நாட்களில் இந்தத் தெருக்களை மறந்துவிட்ட குடும்பங்கள்கூட அந்த நாட்களில் திரும்பி வருகின்றன. நகரின் நடுப்பகுதிக்கு மக்களை வரவழைக்க என்ன செய்யலாம் என்று திட்டமிடுபவர்கள், ஏற்கெனவே வரவழைக்கும் இந்த ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தேரோட்டத்துக்கு அகலமான வழி, தற்காலிகக் கடைகளுக்கு மின்சாரம், குடிநீர், கழிப்பறை ஆகியவற்றை நிலையாக அமைத்துவிட்டால், அவை ஆண்டு முழுவதும் பயன்படும்.

ரயில் எப்போது நின்றது? அதனால் என்ன ஆயிற்று?

கிளைப்பாதை 1989-இல் மூடப்பட்டது. சாலைப் போக்குவரத்து வளர்ந்துவிட்டதால், ரயில் கடைசிக் காலத்தில் பெரிய கூட்டத்தைக் கொண்டுவரவில்லை என்பது உண்மைதான். ஆனால் ரயில் நின்றதும் பட்டணத்துக்கு ஒரு வாசல் போய்விட்டது. வெளியூரிலிருந்து வருபவர் கடைத்தெருவுக்குள் இறங்கி நடக்க வேண்டிய கட்டாயம் ஒழிந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஊருக்கு ரயில் இல்லாமல் போனபின்பும், யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் தோட்டங்களுக்குள் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச்செல்லும் குறும்பாதை ரயில் தொடர்ந்து ஓடுகிறது. குலைக்குக் கிடைக்கும் ரயில் மனிதருக்குக் கிடைக்கவில்லை என்று கிழவர் ஒருவர் சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வருகிறது.

பால்மரம் போய்ச் செம்பனை வந்ததற்கும் கடைத்தெருவுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. மலாயாவில் வணிக அளவில் செம்பனை முதன்முதலாக 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகிலுள்ள தென்னமாரம் தோட்டத்தில் நடப்பட்டது. ஆனால் ரப்பரை அது பெருமளவில் அகற்றியது 1960-களுக்குப் பிறகுதான். பால்மரத்தை ஒவ்வொன்றாக, அடிக்கடி முறை வைத்துக் கையால் வெட்ட வேண்டும். செம்பனைக் குலையை 10 முதல் 14 நாட்களுக்கு ஒருமுறை அறுத்தால் போதும். ஆகவே அதே நிலத்துக்கு மிகக் குறைவான ஆட்களே தேவைப்பட்டனர். பால்வெட்டில் ஆண்களோடு பெண்களும் கூலி ஈட்டினர். கனமான குலையை நீண்ட கோலால் அறுத்துத் தூக்கும் வேலை ஆண்களிடம் போனதும், ஒரு வீட்டுக்கு இரண்டு சம்பளம் என்ற நிலை குலைந்தது. துணிக்கடைக்காரருக்கும் பொற்கொல்லருக்கும் இது என்ன பொருள் தந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இதனோடு வேறு இரண்டு அடிகளும் சேர்ந்தன. 1950-களிலும் 60-களிலும் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. அதைத் தடுக்கும் முயற்சியாகவே துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். பிறகு, 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இல்லாத பல குடும்பங்கள் கப்பலேறின.

தோட்டத்தில் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். அப்படி வெளியேறியவர்கள் பட்டணத்தின் நடுவுக்கு வரவில்லை, அதன் ஓரங்களுக்கும் கிள்ளான், பெட்டாலிங் ஜெயா பக்கங்களுக்கும் போனார்கள். இன்று தோட்டங்களில் இந்தோனேசியத் தொழிலாளர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் பெரும்பங்கு வகிக்கின்றனர். விடுமுறை நாளில் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னாலுள்ள கூரையிட்ட நடைவழியில், நின்று கைப்பேசிக் கடையிலும் பணம் அனுப்பும் கடையிலும் வரிசை பிடிக்கும் அவர்கள்தான், எண்பது ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். "அந்நியர்கள் தெருவைப் பிடித்துக்கொண்டார்கள்" என்று குறைப்படுவோர் இதைச் சற்று யோசித்துப் பார்க்கலாம்.

அஞ்சடி யாருக்குச் சொந்தம்?

கடைவீட்டு மனைக்குள் அடங்கியதுதான்; ஆனால் அது பொதுமக்கள் நடக்கும் வழி. கடைகளுக்கு முன்னால் கூரையுள்ள நடைவழி விட வேண்டும் என்பது 1822-இல் சிங்கப்பூருக்காக ராஃபிள்ஸ் தந்த நகரமைப்புக் கட்டளைகளில் இடம்பெற்று, பின்னர் மலாயாப் பட்டணங்களுக்கும் பரவிய ஏற்பாடு. 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் (சட்டம் 133) அதை அடைத்து வைப்பதைத் தடைசெய்கிறது. பூ விற்பவரின் சிறு மேசையையும், மோட்டார் சைக்கிள்களைச் சங்கிலி போட்டு நிறுத்தி வழியையே மறிப்பதையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்று என்பது என் சொந்தக் கருத்து.

இத்தனை கடைவீடுகளின் மேல்மாடிகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன?

இதற்கு ஒரே காரணம் கிடையாது. ஆனால் பலரும் மறந்துவிட்ட ஒரு சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தியது. வாடகையை உரிமையாளர் விருப்பப்படி உயர்த்த முடியாது; குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. இதனால் சிறு வியாபாரிகளும் தையற்காரர்களும் முடிதிருத்துநர்களும் நகரின் நடுவிலேயே பல்லாண்டுகள் பிழைக்க முடிந்தது. அதே சமயம், கிடைக்கும் வாடகை கூரை ஓட்டை மாற்றக்கூடப் போதாது என்பதால் உரிமையாளர்கள் பழுது பார்ப்பதையே நிறுத்தினார்கள். 1997-இல் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் வந்தது. இடைக்காலச் சலுகை 1999 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது, கீழே கடையும் மேலே குடும்பமுமாக வாழ்ந்த பலர் புதிய வாடகையைக் கட்ட இயலாமல் புறநகர்க் குடியிருப்புத் தாமான்களுக்குப் போனார்கள்.

உரிமையாளர்கள் எதிர்பார்த்த பெரிய வாடகை ஜார்ஜ்டவுனில் ஓரளவு கிடைத்தது. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் அங்கே தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. இங்கே அப்படி வரிசையில் நிற்பவர் எவருமில்லை. பழைய குடியிருப்பாளர் போனார், புதியவர் வரவில்லை. சொத்தோ பாட்டன் பெயரிலேயே கிடக்கிறது. வாரிசுகள் பன்னிரண்டு பேர், நான்கு நாடுகளில். அவர்கள் அனைவரும் கையொப்பமிட்டால்தான் ஓர் ஓட்டை மாற்ற முடியும் என்ற நிலையில், ஓடு விழும்வரை காத்திருப்பதே எளிதாகிவிடுகிறது.

இன்னொரு குடியிருப்பாளரும் உண்டு: உழவாரக் குருவி. கூடு விலைபோவதால், பேராக் கடலோரப் பட்டணங்கள் பலவற்றில் மேல்மாடிச் சன்னல்களைச் செங்கல்லால் அடைத்து, சிறு துளைகள் மட்டும் விட்டு, பதிவுசெய்த குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் ஓடவிடுவார்கள். குருவி வாடகைத் தகராறு செய்வதில்லை. ஆனால் உள்ளே வேண்டுமென்றே நிலைநிறுத்தும் ஈரம் சுண்ணாம்புச் சுவரையும் மரச் சட்டங்களையும் அரித்துவிடும். பக்கத்து வீட்டாருக்கு எச்சமும் சத்தமும் மிச்சம்.

வாடகைக்கு இருக்கும் எனக்கு இன்று என்ன பாதுகாப்பு உண்டு?

உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே பாதுகாப்பு. மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால், 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி அதை நில அலுவலகத்தில் பதிவுசெய்ய வேண்டும்; மூன்றாண்டுக்கு உட்பட்டதைக் கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், குறிப்பாக எழுதிவைக்கலாம். அப்படிச் செய்யாமல் வாய்ப்பேச்சை நம்பியிருப்பவர், கடை கைமாறும்போது புதிய உரிமையாளரிடம் எதையும் வலியுறுத்துவது கடினம். "அவருடைய அப்பா காலத்திலிருந்தே இருக்கிறோம்" என்பது நல்ல வாதம்தான், வீட்டுத் திண்ணையில்.

ஆற்றோரக் கடைகளும் ஒட்டுக்கடைகளும் பட்டா இல்லாத நிலத்தில் இருக்கின்றன. அவற்றின் நிலை என்ன?

அரசாங்க நிலத்தில் இருப்பவை பெரும்பாலும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில், அதாவது ஊரார் டி.ஓ.எல். என்று சொல்லும் உரிமத்தில் இருக்கும். அது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-உடன் காலாவதியாகிறது, புதுப்பிக்க வேண்டும். அதை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் பெற்றவர் காலமானால் உரிமமும் முடிந்துவிடுகிறது. தந்தையின் பெயரிலுள்ள உரிமத்தில் மகன் தொடர்ந்து கடை நடத்துவது வழக்கமாக இருந்தாலும், இழப்பீடு என்ற பேச்சு எழும்போது அந்தத் தாள் கைகொடுக்காது. ஆற்றோரத்தைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பேராக் ஆறு இங்கே பெரிய வளைவாகத் திரும்புவதால் வளைவின் வெளிக்கரையை ஓயாமல் அரிக்கிறது. பெரிய கடல்ஏற்றத்தின்போது நீர் கரைமேலும் வருகிறது. கரை வலுப்படுத்தும் பணிக்காக அகற்றப்படும் கடையையும், அழகுபடுத்தும் பணிக்காக அகற்றப்படும் கடையையும் ஒன்றாகக் கருதி எதிர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது தவிர்க்க இயலாதது. இரண்டாவதற்குக் கட்டாயம் காரணம் கேட்க வேண்டும்.

சிறு கோயில்களுக்கும் இதே நிலைதானா?

ஏறத்தாழ இதே நிலைதான். இருப்புப்பாதைத் தொழிலாளர்களும் தோட்ட மக்களும் தொடங்கிய கோயில்கள் பல, அவர்கள் வேலை செய்த நிலத்திலேயே எழுந்தவை. அன்று எவரும் எழுத்தில் வாங்கவில்லை. பதிவு, நில அளவை, மாநில அரசிடம் விண்ணப்பம் ஆகியவற்றைப் பிரச்சினை எழுவதற்கு முன்பே தொடங்குவது நல்லது.

ஒரு பழைய கடைவரிசையை இடிக்க யார் அனுமதி தர வேண்டும்? நாம் எப்படி ஆட்சேபிப்பது?

1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி (சட்டம் 172) நகராண்மைக் கழகமே உள்ளூர்த் திட்ட அதிகாரி. ஒவ்வொரு பகுதியிலும் எங்கே வணிகம், எங்கே குடியிருப்பு, எத்தனை மாடி என்பதை வட்டாரத் திட்டம் வகுக்கிறது. அதன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது ஆட்சேபம் தெரிவிப்பதே மிகப் பயனுள்ள தருணம். பலரும் அப்போது உறங்கிவிட்டு, மண்வாரி இயந்திரம் வந்தபின் எழுந்திருக்கிறார்கள். வட்டாரத் திட்டம் இல்லாத பகுதியில் ஒருவர் மேம்பாட்டுக்கு விண்ணப்பித்தால், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாட்களுக்குள் ஆட்சேபிக்கலாம். கவனியுங்கள்: இந்த உரிமை நில உரிமையாளருக்குத்தான், வாடகைக்கு இருப்பவருக்கு இல்லை.

கட்டடம் பழமையானது என்பதாலேயே அதற்குப் பாதுகாப்பு வந்துவிடாது. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ் (சட்டம் 645) பதிவேட்டில் சேர்ந்தால்தான் அச்சட்டம் பாயும். முன்மொழியும் உரிமை யாருக்கும் உண்டு. ஆயினும் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பதால், மாநிலத்தின் ஒத்துழைப்பு இல்லாமல் அது நகராது.

அரசாங்கமே நிலத்தை எடுத்துக்கொண்டால்?

1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் பொருந்தும். விசாரணை நடத்தி, சந்தை மதிப்பின் அடிப்படையில் இழப்பீடு அறிவிப்பார்கள். தொகை குறைவு என்று கருதுபவர் "படிவம் என்" மூலம் ஆட்சேபித்து, விவகாரத்தை உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். விசாரணைக்கு நேரில் போயிருந்தால் தீர்ப்பு நாளிலிருந்து ஆறு வாரம்தான் அவகாசம். பணத்தை வாங்கும்போது ஆட்சேபத்துடன் பெறுவதாகக் குறிப்பிட வேண்டும். எதுவும் சொல்லாமல் வாங்கினால் கதவு மூடிவிடும்.

நகர்ப் புதுப்பிப்பு மசோதா பற்றிக் கேள்விப்பட்டோம். அது நம் கடைவீட்டைப் பாதிக்குமா?

2025 ஆகஸ்டில் மக்களவையில் முன்வைக்கப்பட்ட அம்மசோதாவில் மூன்று வரம்புகள் இருந்தன. 30 ஆண்டுக்கு உட்பட்ட கட்டடத்துக்கு 80 விழுக்காட்டு உரிமையாளர்களின் ஒப்புதல். அதற்கு மேற்பட்டதற்கு 75 விழுக்காடு. கைவிடப்பட்ட கட்டடத்துக்கு 51 விழுக்காடு. அதற்கு எதிர்ப்பும் பலமாக எழுந்தது. அதன் குறி கோலாலம்பூர் போன்ற இடங்களிலுள்ள பழைய அடுக்குமாடிகள்தான். அவற்றின் கூட்டு உரிமையைக் கலைக்க நடைமுறையிலுள்ள சட்டம் அனைவரின் ஒப்புதலையும் கேட்கிறது. இங்கே பழைய கடைவீடு ஒவ்வொன்றும் பெரும்பாலும் தனித்தனி மனை. நம்மூரின் கவலை மேம்பாட்டாளர் துரத்துவது அன்று, எவரும் தேடி வராததுதான். கோலாலம்பூரின் அச்சத்தை இரவல் வாங்கிக்கொண்டு நம்முடைய நோயை மறப்பது வீண்.

கோபுரத்தைச் சுற்றிச் சதுக்கம் அமைத்துச் சுற்றுலாப் பயணிகளை வரவழைப்பது போதாதா?

சுற்றுலாப் பயணி கோபுரத்தைப் படம் எடுக்கிறார், ஒரு மீ ரெபுஸ் சாப்பிடுகிறார், கிளம்பிவிடுகிறார். மேற்குக் கடற்கரை விரைவுச்சாலையின் ஹூத்தான் மெலிந்தாங்–தெலுக் இந்தான் பகுதி 2019-இல் திறக்கப்பட்டதால் அவர் வருவதும் எளிது, போவதும் எளிது. அவரால் ஒரு மளிகைக் கடையோ தையற்கடையோ பிழைக்காது.

இந்தத் தெருவை வாழவைத்தவர்கள் சுற்றுவட்டார மக்கள். அவர்களுக்கு இங்கே வர இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 2017-இல் பாகான் டத்தோ தனி மாவட்டமானதால், ஹூத்தான் மெலிந்தாங் மக்களுக்கு நில அலுவலக வேலைக்காக இங்கே வரும் தேவை போயிற்று. பேரங்காடிகள் சாலையோரங்களுக்குப் போயின. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வர, சொந்த வண்டி இல்லாதவருக்கு வசதியான பேருந்து கிடைப்பதில்லை. முதியவர் ஒருவர் கண் மருந்து வாங்க வாடகைக் காருக்கு மருந்தின் விலையைவிட அதிகம் கொடுக்கிறார். சுவருக்கு வண்ணம் பூசும் செலவில் ஒரு பகுதியைத் தோட்டப் பேருந்துக்கு ஒதுக்கினால் கடைத்தெருவுக்கு அதிகப் பயன் விளையும் என்று உறுதியாக நம்புகிறேன். மேல்மாடிகளில் மீண்டும் குடும்பங்கள் குடியேற வரிச்சலுகை தருவது அடுத்தபடி; இரவில் விளக்கெரியும் தெரு பாதுகாப்பான தெருவும்கூட.

என் தாத்தா இங்கே கடை வைத்திருந்தார். எந்தக் கடை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வீட்டில் தேடுங்கள். பழைய நிலவரி ரசீது, கதவுவரி ரசீது, வியாபார உரிமம், கடைப் பெயர் அச்சிட்ட நாட்காட்டி, நகைக்கடைச் சீட்டு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கிடைத்தாலும் போதும். ரசீதில் லாட் (மனை) எண் இருந்தால், நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி அந்த மனையின் பதிவைத் தேடிப் பார்க்கலாம்; யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு எப்போது மாறியது என்பதும், அடமானங்களும் அதில் இருக்கும். தாத்தா வாடகைக்கு இருந்தவர் என்றால் அவர் பெயர் அங்கே இராது. அப்போது பழைய புகைப்படங்களில் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு, மேல்மாடியின் முகப்பைப் பாருங்கள். கீழே எத்தனை முறை பலகை மாறினாலும், மேலே சுண்ணாம்பில் வார்த்த பூவேலையும் சன்னல்களின் எண்ணிக்கையும் சில கட்டடங்களில் கட்டிய ஆண்டும் அப்படியே இருக்கும். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்வரிசை அஞ்சடியில் நடந்தால் பெரும்பாலும் அடையாளம் தெரிந்துவிடும். வெயில் முகப்பில் விழும்போது போங்கள். நிழல் பூவேலையை மறைத்துவிடுகிறது.